தெரியாது வரிசை

நான் வேலை பார்த்த டிரம் கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு பெண் ஃபோன் செய்தாள். மனிதவளப் பிரிவாம். "மேடம், அந்தக் காலத்திலயே நம்ம கம்பெனியில தொழிலாளர்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்தீங்களாமே, புதுசா வந்திருக்கிற சூப்பர்வைசர்களுக்கு அதைப் பத்திக் கொஞ்சம் பேச முடியுமா?" என்று கேட்டாள். இப்போது பயிற்சியெல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டதாம். படத்தைப் பார்த்து முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் பயிற்சி முடிந்தது. "எல்லாரும் அழுத்திடறாங்க மேடம். ஆனா வேலையில பார்த்தா ஒண்ணும் ஏறின மாதிரியே தெரியல."

"தெரியலன்னு அவங்க வாயால சொல்றாங்களா?" என்றேன்.

"இல்ல மேடம். கேட்டா தெரியும்னுதான் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே ஏழுமலையின் ஞாபகமும் வந்துவிட்டது. மேடையேறிப் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அதுதான் இது.

நான் ராயபுரத்துக்காரி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, ஷார்ட்ஹேண்டில் பாதியில் கழன்றுகொண்டு, கோயிலில் பழக்கமான ஒருவரின் சிபாரிசில் அந்தக் கம்பெனியில் ஆள் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கடல்காற்றில் எல்லாமே துருப்பிடிக்கிற இடத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. மேசை, நாற்காலி, பூட்டு எல்லாம் துரு. போதாததற்கு நாங்கள் செய்ததே துருவைச் சுரண்டுகிற தொழில்.

ரசாயனக் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி எல்லாம் காலி செய்த இரும்பு டிரம்கள் லாரியில் வந்து இறங்கும். அவற்றைக் கழுவி, உள்ளே சங்கிலி போட்டு உருட்டித் துருவைச் சுரண்டி, ஒடுக்கு எடுத்து, காற்றடைத்துக் கசிவு பார்த்து, புதுப் பெயிண்ட் அடித்து விற்போம். தேறாத டிரம்மின் தலையை கேஸ் கட்டரால் அறுத்துத் தொட்டியாக்கி விற்போம். இதில் முதல் வேலை பிரிப்பது. எந்த டிரம்மில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் அதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யலாம். அமிலம் இருந்ததைச் சாதாரணமாகக் கழுவப் போனால் கை வெந்துவிடும். தீப்பொறி பட்டாலே வெடிக்கிற பெயிண்ட் தின்னர் இருந்ததை, தலை அறுக்கும் கட்டிங் ஷெட்டுக்கு அனுப்பினால் வெட்டுகிறவர் வீட்டுக்கு எந்த நிலையில் போவார் என்று சொல்ல முடியாது.

அந்தப் பிரிக்கிற வேலையில்தான் ஏழுமலை இருந்தார். புளியந்தோப்புக்காரர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். மூடியைத் திருகி எடுப்பார், குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பார், இடது கையை வீசுவார். கை வீசிய திசையில் டிரம் உருளும். "மூக்கு ஏழுமலை" என்றால் கேட் வாட்ச்மேனிலிருந்து லாரி டிரைவர்வரை தெரியும். லேபிளை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரே சொல்வார்: "லேபிளு டபாய்க்கும்கா. எண்ணெ டிரம்முல எவனாச்சும் ஆசிட்ட ஊத்தி வெச்சிருப்பான். மூக்கு டபாய்க்காது." அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்களிடம் டிரம் வாங்கும் பெரிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று கறாராகச் சொல்லிவிட்டது. மோந்து பார்த்துப் பிரிக்கிற வழக்கம் கூடாது, லேபிளைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும், ஆள் அனுப்பிச் சோதிப்போம், இல்லையென்றால் வியாபாரம் கிடையாது. லேபிளோ இங்கிலீஷில் இருக்கும். எங்கள் முதலாளி மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்கு வந்து நின்று, "படிக்கத் தெரியாதவங்க எல்லாம் கையைத் தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. ஏழுமலை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி திருப்தியாகத் திரும்பிப் போய்விட்டார்.

அவர் பின்னாலேயே போய் விஷயத்தைப் புரியவைத்தவர் ஒர்க்ஸ் மேனேஜர் ராஜமாணிக்கம் சார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார். கேட்க வேண்டியதிருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஆள் இருக்கும் இடத்துக்குப் போவார். மூன்றாவது ஆள் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார். ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டிரம்மை விளிம்பில் சாய்த்து, இன்னொன்றை உருட்டும் அந்த ஆளோடு சேர்ந்து உருட்டிக்கொண்டே போவார். இரண்டு டிரம்களும் போடுகிற சத்தத்தில் அவர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் விளங்காது. அதற்காகத்தான் உருட்டினார் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

முதலாளி தன் யோசனைப்படி மாலை வகுப்பு வைத்தார். ஷிப்ட் முடிந்த பிறகு கேண்டீனில் சிலேட்டு, பல்பம், வாழைப்பழம், பிஸ்கட். டைம் ஆபீஸில் சும்மா இருக்கிறாளே என்று என்னை டீச்சராக்கினார். நான் சும்மா இருந்ததாக யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் மண்! வகுப்புக்கு வந்தது நாலைந்து பேர். எல்லாரும் பேப்பர் படிக்கத் தெரிந்தவர்கள், பிஸ்கட்டுக்காக வந்தவர்கள். ஏழுமலையோடு பிரிக்கும் வேலையில் இருந்த செல்வத்தோடு ராஜமாணிக்கம் சார் ஒருநாள் டிரம் உருட்டினார். ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டதற்கு செல்வம் சொன்ன பதிலை அவரே என்னிடம் வந்து அப்படியே சொன்னார்: "காலீலேர்ந்து டிரம்மோட மல்லுக்கட்டிட்டு, கை கால் கழுவிகினு வூட்டுக்குப் போவறதா, இல்ல சிலேட்டு எடுத்துகினு குந்தறதா சார்? அஞ்சாங்கிளாஸ் படிக்குது எம்பொண்ணு. அதுக்குத் தெரிஞ்சா சிரிக்காது?"

மறுநாள் முதலாளி அறையில் பெரிய சத்தம். டைம் ஆபீஸ் பக்கத்து அறைதான், கேட்காமல் எங்கே போவது! "வேலை செய்யத்தான்யா கூலி. படிக்கிறதுக்கும் கூலி குடுப்பானா ஒருத்தன்?" என்று முதலாளி கத்தினார். ராஜமாணிக்கம் சார் குரலை உயர்த்தவில்லை. "டிரம்மைப் படிக்கிறதும் டிரம் வேலைதான் சார். சங்கிலி போட்டு உருட்டறதுக்குக் கூலி குடுக்கறோம், இதுவும் அதே கணக்குதான்" என்றார். சிலேட்டுகள் அன்றோடு மூட்டை கட்டப்பட்டன.

புது வகுப்பு காலை ஷிப்டின் தொடக்கத்திலேயே நடந்தது, வேலை நேரத்துக்குள், கூலியோடு. இடம் கேண்டீன் அல்ல, டிரம் இறங்கும் யார்டு. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் நிற்க வேண்டும்: ஃபோர்மேன், கட்டிங் ஷெட் பஷீர் பாய், லாரியிலிருந்து இறக்குகிறவர்கள், மேனேஜர் உட்பட. டிரம்களிலிருந்து உரித்த லேபிள்களைத் தகரத்தில் ஒட்டி நான் பிடித்துக்கொள்வேன். இங்கிலீஷ் லேபிள் என்பதால் தமிழ்ப் பேப்பர் படிக்கிற ஆட்களும் முழித்தார்கள். அதுதான் பெரிய சௌகரியம். தெரிந்தவன், தெரியாதவன் என்று யார்டில் இரண்டு கட்சி உண்டாகவில்லை. லேபிளில் இருப்பதைக் கண்டுபிடித்ததும் டிரம்மின் வயிற்றில் சாக்கட்டியால் தமிழில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். எண்ணெய், தீ, அமிலம். மூன்று வார்த்தை, மூன்று வரிசை.

நாலாவது வரிசை ராஜமாணிக்கம் சாரின் ஏற்பாடு. சுவரோரம் ஓர் இடத்தைச் சுத்தம் செய்து, பலகையில் "தெரியாது" என்று எழுதி மாட்டச் சொன்னார். முதல் நாள் அவரே ஒரு டிரம்மை எடுத்தார். லேபிள் பாதி கிழிந்திருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார், சாக்கட்டியை எடுத்து "தெரியாது" என்று எழுதி அந்த வரிசையில் நிறுத்தினார்.

"இன்னா சார், மேனேஜருக்கே தெரியாதா?" என்று யாரோ கேட்க, யார்டே சிரித்தது.

"தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினா உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. லேப்ல பார்த்துச் சொல்லுவாங்க, அது அவங்க வேலை. தெரியாததைத் தெரியும்னு அனுப்பினா மட்டும் நான் கேப்பேன்" என்றார்.

எழுத்து பிடிபடும்வரை மோந்து பார்க்கிற வழக்கமும் கூடவே ஓடியது. வகுப்புக்கு ஏழுமலை வந்து நிற்பார், ஆனால் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு. "யோவ், எழுத்து இங்க கீது, நீ அங்க இன்னா காக்கா பாக்கற?" என்று கத்துவேன். "நீ சொல்லுக்கா, காதுல வுழுந்துகினுதான் கீது" என்பார். சாக்கட்டியைக் கையில் கொடுத்தால் செல்வத்திடம் தள்ளிவிடுவார். தெரியாது வரிசையில் அவர் ஒரு டிரம்கூட நிறுத்தியதில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தலைக்கனம் பிடித்த மனுஷன் என்றே நினைத்தேன்.

ஒருநாள் அவர் அனுப்பிய டிரம் ஒன்று கட்டிங் ஷெட்டுக்குப் போயிற்று. எண்ணெய் டிரம் என்று கை வீசியிருந்தார். பஷீர் பாய் வெட்டுவதற்கு முன் எப்போதும் டிரம்மில் தண்ணீர் நிரப்புவார். அன்று தண்ணீர்க் குழாயைச் செருகக் குனிந்தவருக்கு நெடி ஏறித் தலை கிறுகிறுத்துவிட்டது. தின்னர். பக்கத்தில் இன்னொருவர் கையில் கட்டர் எரிந்துகொண்டிருந்தது. "அணை, அணை!" என்று பாய் போட்ட சத்தம் டைம் ஆபீஸ்வரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். டிரம்மின் பக்கவாட்டில் லேபிள் ஒரு மூலைகூடக் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலை, செல்வம், உருட்டிக்கொண்டு வந்தவர் என்று இத்தனை பேர் கையைத் தாண்டி அது வந்திருக்கிறது.

பஷீர் பாயைக் காப்பாற்றியது எழுத்து என்று எழுதினால் அந்த மனிதவளப் பெண்ணுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் காப்பாற்றியது அவருடைய மூக்குதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

முதலாளி ஏழுமலையை அன்றே வெளியே அனுப்பச் சொன்னார். ராஜமாணிக்கம் சார் உள்ளே பேசிக்கொண்டிருந்தார். முடிவு தெரியும்வரை ஏழுமலை டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேண்டீன்காரரும் கட்டிங் ஷெட்டை வேடிக்கை பார்க்க ஓடியிருந்ததால், அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, அடிபிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. என்னால் மூச்சுவிட முடியவில்லை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஏழுமலை அசையாமல் இருந்தார்.

"யோவ், இந்த நாத்தத்துல எப்டியா குந்திகினு கீற?" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். மூக்கை உறிஞ்சினார். என் முகத்தைப் பார்த்தார். "ஆமாக்கா. சாக்கட. கலீஜு புடிச்ச நாத்தம்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஒரு வருசத்துக்கு மேல ஆவுதுக்கா. மொதல்ல ஜலதோசம்னு நெனச்சேன். அப்பால ஒண்ணியுமே தெரில. செல்வத்தாண்ட 'நீ மோந்து சொல்லு, சரியா சொல்றியா பாப்பம்'னு கேப்பேன். அவன் சொல்றத்த வெச்சி கைய வீசுவேன். நான் அவன டெஸ்ட்டு பண்றேன்னு நெனச்சிகினு கீறான் பாவம். ரெண்டு நாளா அவனுக்கு ஜலதோசம், எனக்கு அது தோணவே இல்லக்கா." குரல் உடைந்துவிட்டது. "எம்பேத்திய தூக்கி வெச்சிக்கறேன், கொழந்த வாசன கூட இல்ல. படிப்பும் இல்ல, மூக்கும் போச்சின்னா ஆரு எனக்கு சோறு போடுவாங்க? மூக்கு ஏழுமலைன்னு கூப்ட்டவங்கல்லாம் இன்னா சொல்லிக் கூப்டுவாங்க? ஆராண்டயும் சொல்லாதக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைக்கனம் என்று நினைத்தேனே, அது முழுக்க பயம். "பாய் இன்னிக்கு செத்திருப்பாரு, தெரியுமில்ல?" என்றேன். "தெரியும்க்கா. பாய் மூஞ்சில எப்டி முழிப்பேன்" என்றார். மேனேஜரிடம் மட்டும் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். சரியென்று தலையை ஆட்டினார்.

ராஜமாணிக்கம் சார் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனார். இரண்டு டிரம்கள் உருளும் சத்தம் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழுமலை பிற்பாடு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொன்னார். "உங்க மூக்கை இந்தக் கம்பெனிதான் எடுத்துக்கிச்சு ஏழுமலை. பதிலுக்கு எழுத்தைக் குடுக்க வேண்டியது எங்க கடமை. நீங்க யார்கிட்டயும் கேட்டு வாங்கற பிச்சை இல்ல அது." இதுதான் சார் சொன்னது.

முதலாளியிடம் அவர் ஏழுமலையின் மூக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை. மோந்து பார்க்கிற முறையை இத்தனை வருடம் ஓடவிட்டது நான்தான், தண்டனை என்றால் முதலில் எனக்கு என்றாராம். முதலாளி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: சோதனைக்கு ஆள் வருவதற்குள் ஏழுமலை லேபிள் படிக்கக் கற்க வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது. அன்று மதியமே டிரம்மில் யாரும் மூக்கை வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாக உத்தரவு வந்தது, கூடவே முகமூடியும். எல்லாருக்கும் பரிசோதனை என்று சொல்லி, கம்பெனி செலவில் ஏழுமலையையும் டாக்டரிடம் காட்டினார் சார். வாசனை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு காலை வகுப்புக்கு மேல், சாயங்காலம் ஷிப்ட் முடிவதற்கு முன்பும் அவர் என்னிடம் வருவார். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகிவிடும். "தீ" சீக்கிரம் வந்துவிட்டது. "அமிலம்" அவரைப் படாதபாடு படுத்தியது. டிரம்மைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல்களில் சாக்கட்டி நிற்காது, ஒடிந்துகொண்டே இருக்கும். "பேஜாரா கீதுக்கா, டிரம்ம தலமேல தூக்கிடுவேன், இத்த தூக்க முடில" என்பார். இங்கிலீஷ் லேபிளில் முக்கியமான வார்த்தைகளின் உருவத்தை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பிடித்ததும் குழந்தை மாதிரி சிரிப்பார். ஆனால் "தெரியாது" என்று எழுதச் சொன்னால் மட்டும் முகம் இறுகிவிடும். "அது வேணாம்க்கா. அத்த எழுதுனா வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க" என்பார். மேனேஜரே எழுதினாரே என்பேன். "அவரு மேனேஜரு. எழுதலாம்" என்பார்.

சோதிக்கிற ஆள் வந்தார். கழுத்துப்பட்டை கட்டின இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். யார்டில் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு ஒரு டிரம்மைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார். முதலாளி கைகட்டி நின்றார். ஏழுமலையின் முறை வந்தது. முதல் டிரம்மைப் படித்து "தீ" என்று எழுதினார். இரண்டாவதில் "அமிலம்", கோணல் மாணலாக, ஆனால் சரியாக. மூன்றாவது டிரம்மில் ஒரு லேபிளின் மேல் இன்னொரு லேபிள் ஒட்டி, இரண்டும் பாதிப் பாதி உரிந்திருந்தன. ஏழுமலை அதைச் சுற்றி வந்தார். கை தானாக மூடிப் பக்கம் போயிற்று. செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார். செல்வம் முகமூடியோடு நின்றிருந்தான். எண்ணெய் என்று எழுதித் தொலைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். ராஜமாணிக்கம் சார் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஏழுமலை குந்தி உட்கார்ந்து சாக்கட்டியை எடுத்தார். ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதினார். தெரியாது. எழுதி முடித்துத் தானே உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்திவிட்டு, திட்டு வாங்கப் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்றார் அந்த இளைஞர். வியாபாரம் நிலைத்தது, ஏழுமலையின் வேலையும் நிலைத்தது.

அப்புறம் பல வருடம் அவர் அங்கே வேலை பார்த்தார். தெரியாது வரிசையில் அவருடைய டிரம்கள் நிறையவே நின்றன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூக்கு விஷயம் கம்பெனியில் எங்கள் மூன்று பேரைத் தாண்டிப் போகவில்லை. மற்றவர்களுக்கு அவர் கடைசிவரை மூக்கு ஏழுமலைதான்.

ஏழுமலை ஓய்வு பெற்ற நாளில் கேண்டீனில் சின்னக் கூட்டம். ராஜமாணிக்கம் சார் சம்பங்கி மாலை போட்டார். எல்லாரும் கைதட்டினோம். ஏழுமலை மாலையைக் கழற்றி, பழைய பழக்கத்தில் மூக்கிடம் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பிறகு இத்தனை பேர் முன்னால், மாலையைச் செல்வத்திடம் நீட்டினார்.

"செல்வம், எனக்குத் தெரியாதுடா. மூக்கு போயி ரொம்ப வருசமாச்சி. நீ மோந்து சொல்லு, வாசன எப்டி கீது?"

செல்வம் அவரைப் பார்த்தான். அந்தப் பழைய டெஸ்ட்டுகளெல்லாம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். மாலையை வாங்கி முகத்தில் அழுத்தி, நன்றாக மூச்சை இழுத்தான்.

"சோக்கா கீது மாமா," என்றான். "இன்னிக்கு எனக்கு ஜலதோசம் இல்ல. நம்பலாம்."